எந்த எலும்பு மிஞ்சுகிறது? இடுப்பு மூட்டு மாற்றுக் கருவிகள் பற்றி ஒரு நோயாளியின் மதிப்பீடு

இரண்டு ஆண்டுகளுக்கு முன், என் 47-ஆம் வயதில், இடது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். தொடை எலும்பின் தலைப் பகுதிக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைபட்டு அந்த எலும்பு செத்துப்போகும் நோயை மருத்துவமனை வட்டாரத்தில் எல்லோரும் ஏ.வி.என். என்றுதான் சொல்கிறார்கள், தோல் நோய்க்காக ஒரு காலத்தில் மாதக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரைகள் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சைக்கு முன் சென்னையில் மூன்று மருத்துவமனைகளில் கருத்துக் கேட்டேன். மூன்று இடங்களிலும் ஒரே சொல் காதில் விழுந்தது: 'எலும்பைக் காக்கும்' கருவி. ஓரிடத்தில் அந்தப் பெயர், எலும்பின் தலையை அறுக்காமல் அதன்மேல் கவசம் மாட்டும் ரீசர்ஃபேசிங்குக்கு; இன்னோரிடத்தில் குட்டை ஸ்டெம்முக்கு, அதாவது தொடை எலும்புக்குள் இறக்கும் குட்டையான உலோகத் தண்டுக்கு; மூன்றாவது இடத்தில், எலும்புக்கும் கருவிக்கும் இடையே இட்டு இறுக்கும் சிமெண்ட் போடாத வழக்கமான ஸ்டெம்முக்கே அந்தப் பட்டத்தைக் கொடுத்தார்கள். நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்குப் பயிற்சி கொடுப்பவன். ஒரே பெயரில் மூன்று விதமான சரக்கு விற்கப்படுவதைப் பார்த்தால் வெர்னியரைத் தேடிக் கை போகும். அப்படி அளந்து பார்த்ததன் விளைவே இந்த மதிப்பீடு.

முதலில் எதை வெட்டுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான முழு மாற்றில் தொடை எலும்பின் தலையும் கழுத்தின் பெரும்பகுதியும் ரம்பத்தால் அறுத்து எடுக்கப்படுகின்றன. பிறகு தொடை எலும்பின் மஜ்ஜைக் குழியை புரோச் என்னும் அரம் போன்ற கருவியால் படிப்படியாகப் பெரிதாக்கி, அதற்குள் பெரும்பாலும் 13 முதல் 15 செ.மீ. வரை நீளமுள்ள உலோகத் தண்டை இறக்குகிறார்கள், இதுதான் ஸ்டெம். தண்டின் மேல்முனையில் உள்ள டேப்பர் என்னும் கூம்புப் பகுதியில் செராமிக் அல்லது உலோகப் பந்து தட்டிப் பொருத்தப்படுகிறது. மறுபக்கம், இடுப்பெலும்பின் கிண்ணக்குழியை அரைக்கோள வடிவ ரீமரால் சுரண்டி, சற்றே பெரிய அளவுள்ள உலோகக் கிண்ணத்தை அழுத்தி அமர்த்தி, அதற்குள் பிளாஸ்டிக் லைனரைப் பூட்டுகிறார்கள். ரீமர், புரோச், டேப்பர், பிரஸ் ஃபிட் என்று எங்கள் பட்டறைச் சொற்களெல்லாம் ஆபரேஷன் தியேட்டரிலும் புழங்குவதைக் கேட்டபோது வலியையும் மீறிச் சிரிப்பு வந்தது.

ஆக, எலும்பு இரண்டு இடங்களில் கழிகிறது: தொடைப் பக்கத்தில் ஒன்று, கிண்ணப் பக்கத்தில் ஒன்று. விளம்பரத் தாள்கள் பேசுவது பெரும்பாலும் முதல் இடத்தைப் பற்றித்தான்.

ரீசர்ஃபேசிங்கை எடுத்துக்கொள்வோம். தொடை எலும்பின் தலையை அறுத்தெறியாமல், பல்லுக்குத் தொப்பி போடுவதுபோல் அதை உருளையாகச் சீவி, மேலே கோபால்ட் குரோம் கவசம் ஒன்றைச் சிமெண்ட் வைத்து மாட்டுவதே இதன் சாரம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் டெரெக் மெக்மின், ரோனன் ட்ரீசி ஆகிய மருத்துவர்கள் உருவாக்கிய பர்மிங்ஹாம் ஹிப் 1997-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு 2006-இல்தான் அனுமதி கொடுத்தது. அதுவரை காத்திருக்க மனமில்லாத அமெரிக்க நோயாளிகள் சிலர் விமானம் ஏறி வந்து செய்துகொண்ட ஊர்களில் நம் சென்னையும் ஒன்று. டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி 2019 ஜனவரியில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டு அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப் போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்றார். எனக்கு இதை விற்க முயன்ற ஆலோசகர் மர்ரியின் படத்தைக் கைப்பேசியில் தயாராகவே வைத்திருந்தார்.

தொடைப் பக்கம் மட்டும் பார்த்தால் இதை மிஞ்ச ஆளில்லை. கழுத்து அப்படியே இருக்கிறது, மஜ்ஜைக் குழி திறக்கப்படவே இல்லை, எடை இயற்கையான வழியிலேயே எலும்புக்குள் இறங்குகிறது. என்றாவது ஒருநாள் கவசம் தளர்ந்தால், கழுத்தை அப்போது அறுத்துவிட்டு, முதல்முறை மாற்றுக்குப் போடும் சாதாரண ஸ்டெம்மையே போட்டுக்கொள்ளலாம். ஐம்பது வயதுக்குள் மூட்டை மாற்றிக்கொள்பவனுக்கு, வாழ்நாளில் இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு முதியவர்களைவிட அதிகம். அதனால் இந்த வசதியின் மதிப்பு பெரிது.

ஆனால் கிண்ணப் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். வழக்கமான மாற்றில் பந்தின் அளவை நாமே தீர்மானிக்கிறோம். 32 அல்லது 36 மி.மீ. பந்து போதும், கிண்ணத்தின் வெளிவிட்டத்தைக் குழியின் அளவுக்கேற்பத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ரீசர்ஃபேசிங்கில் அந்தச் சுதந்திரம் இல்லை. கவசத்தின் அளவை முடிவு செய்வது கழுத்தின் தடிமன். சீவும்போது கழுத்தில் சிறு வெட்டுக்காயம் பட்டாலும் பிறகு அங்கேயே எலும்பு முறியக்கூடும் என்பதால் மருத்துவர் ஒரு அளவுக்குக் கீழே இறங்க முடியாது. கவசம் 50 மி.மீ. என்றால், பர்மிங்ஹாம் வகையில் கிண்ணத்தின் வெளிவிட்டம் அதைவிட 6 அல்லது 8 மி.மீ. கூடுதலாக, அதாவது 56 அல்லது 58 ஆகத்தான் இருந்தாக வேண்டும். குழி 54-இலேயே நன்றாகப் பிடித்திருக்கும் என்றாலும், கவசத்தோடு சேரவேண்டும் என்பதற்காக இடுப்பெலும்பை மேலும் சுரண்ட நேரிடலாம். தொடையில் சேமித்ததை இடுப்பில் செலவழித்த கதை. தேர்ந்த கைகளில் இந்த வித்தியாசம் மிகச் சிறியதாகவோ இல்லாமலோ போய்விடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் இரண்டாவது அறுவை சிகிச்சையில் தொடைப் பக்கத்து இழப்புக்கு நீளமான ஸ்டெம் என்று ஒரு வழி இருக்கிறது. இடுப்பெலும்பின் சுவர் மெலிந்துபோனால் அதை ஈடுகட்டுவது கடினமான வேலை. எந்த எலும்பு எவ்வளவு என்று கேட்காமல் 'காக்கும்' என்ற சொல்லை நம்புவதற்கில்லை என்று எனக்கு முதலில் உறைத்தது இங்கேதான்.

அறுவை மேசையில் காப்பாற்றிய எலும்பு பிற்பாடும் நிலைக்குமா என்பது அடுத்த கேள்வி. ரீசர்ஃபேசிங்கில் உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. கிண்ணம் சரியான கோணத்தில் அமைந்து, நடுவில் திரவப் படலம் நிற்கும்வரை தேய்மானம் மிகக் குறைவு. கிண்ணம் செங்குத்தாக நிமிர்ந்துவிட்டால் எடை முழுவதும் விளிம்பில் ஏறி, நுண்ணிய கோபால்ட், குரோமியம் துகள்கள் சுற்றியுள்ள தசையையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகின்றன. டெப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். கருவியில் நடந்தது இதுதான். அதன் கிண்ணம் அரைக்கோளத்தைவிட ஆழம் குறைந்தது. கோணத்தில் ஏற்படும் சிறு பிசகைக்கூட அது தாங்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் சுமார் 12 முதல் 13 சதவீதம் பேருக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது தெரிந்தபின், 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதிலுமிருந்து அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 4,700 அறுவை சிகிச்சைகள். மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2018-இல் இழப்பீட்டுச் சூத்திரம் வகுக்கப்பட்டு, பாதிப்பின் அளவைப் பொறுத்து 1.23 கோடி ரூபாய் வரை என்று உச்சவரம்பு வந்தது. அந்தக் கருவியின் ரீசர்ஃபேசிங் வடிவத்தைப் போட்டுக்கொண்டவர்களும் எலும்பு மிஞ்சும் என்று நம்பித்தானே போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பர்மிங்ஹாம் வகையின் பதிவு இதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் சிறிய அளவுகளிலும் பெண்களிடத்திலும் தோல்வி கூடுதலாக இருந்ததால், 2015-இல் அதன் தயாரிப்பாளரான ஸ்மித் அண்ட் நெஃப்யூ 46 மி.மீ.யும் அதற்குக் குறைந்த கவசங்களையும் விலக்கிக்கொண்டு, பெண்களுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்றே அறிவித்தது. உடல்வாகு பெரிய, எலும்பு உறுதியான, மூட்டுத் தேய்மானம் மட்டுமே உள்ள நடுவயது ஆணுக்கு இன்றும் இது நல்ல தேர்வு. எனக்கு அல்ல. ஏ.வி.என்.னில் தலையின் கணிசமான பகுதி செத்துவிட்டால், கவசத்தைத் தாங்க உயிருள்ள எலும்பு போதாது. என் எம்.ஆர்.ஐ. படத்தில் தலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டிருந்தது. முதல் மருத்துவர் படத்தைப் பார்த்த ஒரு நிமிடத்தில் இதைச் சொல்லிவிட்டார். இரண்டாவது மருத்துவமனையில் இருந்த ஆலோசகரோ, படத்தை உறையிலிருந்து எடுக்காமலேயே பேக்கேஜ் விலையைச் சொல்லி, தேதி குறிக்கவும் தயாராக இருந்தார். அந்த மருத்துவமனைக்கு என் மதிப்பெண் இதற்குமேல் தேவையில்லை.

மூன்றாவது இடத்தில் சொன்ன வழக்கமான சிமெண்ட் இல்லாத ஸ்டெம்மைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அதை எலும்பைக் காக்கும் கருவி என்பது மிகையாகத் தோன்றினாலும் அடியோடு பொய் அல்ல. 1986-இல் பிரான்சில் வடிவமைக்கப்பட்ட கொரைல் போன்ற ஸ்டெம்களுக்குக் குழியைக் குடைவதில்லை. பற்கள் கொண்ட புரோச்சால் பஞ்சு போன்ற உள்ளெலும்பைச் சுற்றுச்சுவரோடு அழுத்தி இறுக்குகிறார்கள். அகற்றுவதற்குப் பதில் ஒதுக்கி வைக்கும் உத்தி அது. ஸ்டெம்மின் மேல் உள்ள, எலும்பின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சில் எலும்பு ஒட்டி வளர்ந்துவிடுகிறது.

சிக்கல் பிறகு வருகிறது. சுமை விழும் இடத்தில் எலும்பு தடிக்கும், சுமை விலகிய இடத்தில் கரையும் என்று 1892-இல் ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் எழுதி வைத்த விதி ஸ்டெம் போட்ட தொடைக்கும் பொருந்தும். டைட்டானியம் கலவை புறணி எலும்பை, அதாவது கெட்டியான வெளிச்சுவர் எலும்பைவிட ஐந்தாறு மடங்கு விறைப்பானது. கோபால்ட் குரோம் பத்து மடங்குக்கும் மேல். விறைப்பான தண்டு எடையைத் தானே வாங்கிக் கீழ்முனையில் கொண்டுபோய் இறக்கிவிட, மேலே கழுத்தின் உள்விளிம்பில் உள்ள எலும்பு வேலையில்லாமல் மெலிகிறது. கத்தி படாத எலும்பும் இப்படிக் கழியும். நன்றாகப் பிடித்துவிட்ட நீளமான ஸ்டெம்மை எடுக்கவேண்டிய நிலை வந்தால், தொடை எலும்பை நீளவாக்கில் அறுத்து, சன்னல் கதவுபோல் திறந்து, ஸ்டெம்மை உருவிவிட்டு, பிறகு கம்பி வடங்களால் சுற்றிக் கட்டும் முறைகூட உண்டு. பேரிங்கை இழுக்க ஹவுசிங்கையே பிளப்பதற்குச் சமம். இந்தப் படங்களைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குட்டை ஸ்டெம்கள் பிறந்தது இந்தச் சிக்கலுக்குத்தான். மேத்தா, நானோஸ், ஃபிட்மோர் என்று பல பெயர்களில் வருகின்றன. பொதுவாக 12 செ.மீ.க்கும் குறைவு. சில வகைகளில் கழுத்தை உயரத்திலேயே அறுத்து, அதன் வளையத்தைப் பெருமளவு விட்டுவைக்கிறார்கள். தண்டு வளைந்து, உள்விளிம்பில் சாய்ந்து, எடையை மேற்பகுதியிலேயே கைமாற்றுகிறது. அதன் கீழே உள்ள குழி தீண்டப்படாமல் இருப்பதால், பின்னொரு நாள் வழக்கமான ஸ்டெம் போட இடம் மிச்சம். கிண்ணப் பக்கத்தில் சாதாரணக் கிண்ணமே போதும் என்பதால் ரீசர்ஃபேசிங்கின் விட்டத் தகராறும் இல்லை. நான் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

குறைகளையும் சொல்லவேண்டும். பிடிப்புப் பரப்பு குறைவு என்பதால் அளவு சரியாக அமையவில்லை என்றால் முதல் சில வாரங்களில் ஸ்டெம் கீழே இறங்கிவிடும் அபாயம் உண்டு. நீளமான தண்டு குழியின் சுவரைப் பிடித்துத் தானே நேராக நிற்கும், குட்டைத் தண்டு சாய்வாகவும் நுழைந்துவிடக்கூடும். மருத்துவரின் அனுபவம் இங்கே கருவியைவிடப் பெரிது. எலும்பு மெலிந்த முதியவர்களுக்கு இது ஏற்றதல்ல. அவர்களுக்குச் சிமெண்ட் வைத்த ஸ்டெம்மைச் சுற்றி எலும்பு முறிவது குறைவு என்று பல நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகள் ஒரே குரலில் சொல்கின்றன. எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு 'புது டெக்னாலஜி' என்று சொல்லிக் குட்டை ஸ்டெம்மை யாராவது பரிந்துரைத்தால் காரணம் கேளுங்கள்.

சிமெண்ட் என்றதும் பழைய சரக்கு என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 1970-இல் எக்ஸிட்டர் நகரில் உருவான, கண்ணாடிபோல் மெருகேற்றிய டேப்பர் ஸ்டெம்மை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஃபிட்டரின் கண்ணுக்கு அழகான பொருள் அது. அந்த மெருகினால் ஸ்டெம்மை மேல்நோக்கித் தட்டினால் உறையிலிருந்து கத்தி வருவதுபோல் வந்துவிடும். சிமெண்ட் உறுதியாக இருந்தால் அதை எலும்பிலிருந்து பெயர்க்காமல், அதற்குள்ளேயே புதுச் சிமெண்ட் இட்டு வேறு ஸ்டெம்மைப் போடலாம். மறு அறுவை சிகிச்சையில் எலும்பைக் காப்பது என்றால் இதுவும் காப்பதுதான். ஆனால் இதற்கு யாரும் அந்தப் பட்டத்தைச் சூட்டி நான் கேட்டதில்லை.

என் கருத்தில் எலும்பை உண்மையிலேயே அதிகம் காப்பாற்றியிருப்பது எந்த ஸ்டெம்மும் அல்ல, கிண்ணத்துக்குள் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக். ஜான் சார்ன்லி இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் முதலில் டெஃப்லானை வைத்துப் பார்த்து, அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோனதைக் கண்டு, 1962-இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். அந்தப் பிளாஸ்டிக்கும் நாளடைவில் தேய்ந்து, உதிர்ந்த நுண்துகள்களை உடலின் செல்கள் விழுங்கி, அந்த எதிர்வினையில் சுற்றியுள்ள எலும்பு கரைந்ததுதான் பல்லாண்டுகள் இந்தச் சிகிச்சையின் தலைவலி. 1990-களின் இறுதியில் கதிர்வீச்சால் இறுக்கப்பட்ட குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் வந்தபின் தேய்மானம் பல மடங்கு குறைந்தது. எனவே ஸ்டெம்மின் நீளத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறவர்களிடம் லைனர் எந்த வகை என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மூன்று இடங்களில் ஓரிடத்தில்தான் எனக்கு உடனே பதில் கிடைத்தது, அங்கேதான் சேர்ந்தேன்.

இனி என் அனுபவம். எடுத்த தலையைப் பார்க்க வேண்டும் என்று முன்பே கேட்டிருந்ததால், மறுநாள் மருத்துவர் படத்தைக் காட்டினார். மேலே பளபளப்பான குருத்தெலும்பு முழுசாக இருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்புகிறது என்றார். ஓட்டை விட்டுக் கழன்று உள்ளே ஆடும் கொப்பரைத் தேங்காய்தான் நினைவுக்கு வந்தது. குறுக்கே அறுத்த பக்கத்தில், செத்த பகுதி சுண்ணாம்புக் கட்டியின் நிறத்தில் ஆப்பு வடிவமாகத் தெரிந்தது. இதன்மேல் கவசம் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கத் தேவையே இல்லாமல் போயிற்று.

மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைத்தார்கள். ஆறு வாரத்தில் கைத்தடியை விட்டேன். மூன்றாவது மாதம் பட்டறைக்குத் திரும்பினேன். சம்மணம் போட்டு உட்கார ஆறு மாதம் தடை. அதன்பின் அனுமதி கிடைத்தாலும், பந்திப் பாயில் உட்கார்ந்து சாப்பிடுவதை நானே குறைத்துக்கொண்டேன். குட்டை ஸ்டெம்முக்கென்று வழக்கமானதைவிட 35,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். நடையில் அந்தப் பணத்துக்கான வித்தியாசம் எதுவும் தெரியாது. தெரியவும் கூடாது, ஏனென்றால் நடப்பதிலும் வலி தீர்வதிலும் இரண்டும் ஒன்றுதான். நான் கொடுத்தது அடுத்த அறுவை சிகிச்சைக்கு முன்பணம். இரண்டாம் ஆண்டு எக்ஸ்ரேயை முதல் எக்ஸ்ரேயோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கழுத்தின் உள்விளிம்பு முன்பு கூராக இருந்த இடம் சற்றே மழுங்கி உருண்டிருந்தது. குட்டையானாலும் அது உலோகம்தானே. இந்த அளவு எதிர்பார்த்ததே, ஸ்டெம் ஒரு மில்லிமீட்டரும் இறங்கவில்லை என்றார் மருத்துவர்.

சேவையில் எனக்கு ஒரேயொரு மனக்குறை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சிமெண்ட் இல்லாத முழு இடுப்பு மாற்று' என்று ஒரு வரி மட்டுமே இருந்தது; கிண்ணம் எத்தனை மி.மீ., பந்து எத்தனை, லைனர் எது, எந்த லாட் (தயாரிப்புத் தொகுதி) என்று ஒன்றும் இல்லை. ஏ.எஸ்.ஆர். போன்ற ஒன்று மறுபடி நடந்தால் இந்த எண்கள் இல்லாமல் நோயாளி எதையும் நிரூபிக்க முடியாது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் திறக்கும்போது, எந்தக் கருவியைக் கொண்டு எதைக் கழற்றுவது என்பதும் இவற்றை வைத்தே முடிவாகும். கருவியின் பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர்கள் இதற்காகவே வருகின்றன. இரண்டு முறை நேரிலும் ஒருமுறை எழுத்திலும் கேட்டபின், நான்கு ஸ்டிக்கர்களின் நகல் ஒட்டிய தாள் கிடைத்தது: கிண்ணம் 52, பந்து 36, இளஞ்சிவப்பு செராமிக். லேமினேட் செய்து மணிபர்சில் வைத்திருக்கிறேன். நீங்கள் எந்த வகையைப் போட்டுக்கொண்டாலும், பில் கட்டும் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் அந்தத் தாளைக் கையில் வாங்கிவிடுங்கள்.